வேதாரண்யத்துல ஏசி சர்வீஸ்: கம்பெனிக்கு போன் போடுறதா, உள்ளூர் மெக்கானிக்கா, ஏஎம்சியா?

மாசி பொறந்தா போதும், நம்ம பக்கம் இந்தக் கேள்வி ஆரம்பிச்சிடும். போன வருஷம் நல்லா ஓடின ஏசிய இந்த வருஷம் போட்டா காத்து மட்டும் வருது, கூலிங் இல்ல, கம்பெனிக்கு போன் போடவா, இல்ல நம்ம தெரு தம்பிய கூப்பிடவா, கடைக்காரர் வேற ஏஎம்சி (வருஷத்துக்கு இவ்வளவுன்னு காசு கட்டி போடற சர்வீஸ் ஒப்பந்தம்) போடுங்கன்னு சொல்றாரு, போடலாமா? வேதாரண்யம், தோப்புத்துறை, ஆயக்காரன்புலம்னு எல்லா பக்கமிருந்தும் இதையே கேக்குறாங்க, அதனால எல்லாத்தையும் ஒரே இடத்துல எழுதிடுறேன்.

மொதல்ல ஒரு விஷயம். தஞ்சாவூர்லயும் திருச்சிலயும் இருக்கறவங்க சொல்ற யோசனை நமக்கு அப்படியே ஒத்து வராது. நமக்கு கிழக்க கடல், தெக்க அகஸ்தியம்பள்ளி கோடியக்காடு பக்கம் போனா உப்பளம், எந்தப் பக்கம் காத்து அடிச்சாலும் உப்போடதான் வருது. அவுட்டோர் யூனிட்டுக்கு பின்னாடி போய் ஒரு தடவ பாருங்க. காயில்னு சொல்றது செம்புக் குழாய் மேல மெல்லிசான அலுமினியத் தகடு நெருக்கமா கோத்தது. செம்பும் அலுமினியமும் ஒட்டுற இடத்துல உப்பு ஈரம் நின்னா அலுமினியம் அரிச்சுட்டே போகும், வெள்ளையா பூத்துப் போய் விரல வச்சா தகடு பொலபொலன்னு உதிரும். தகடு போச்சுன்னா சூடு வெளிய போக வழியில்ல, கம்ப்ரசர் கூடுதல் நேரம் ஓடும், கரண்ட் பில்லு ஏறும், கடைசில குழாய்லயே ஓட்டை விழுந்து உள்ள சுத்துற கூலிங் கேஸ் போயிடும். இதனாலதான் நம்ம ஊர்ல யாரு சர்வீஸ் பண்றாங்க, எத வச்சு கழுவுறாங்கங்கறது மெஷினோட ஆயுசையே முடிவு பண்ணுது.

எத வச்சு முடிவு பண்றது

ரேட்ட மட்டும் பாக்காதீங்க. நான் அஞ்சு விஷயம் பாப்பேன். ஒண்ணு, போன் போட்டா எத்தனை நாள்ல வருவாங்க, ஏன்னா கத்திரி வெயில்ல வீட்ல கைக்குழந்தையோ வயசானவங்களோ இருந்தா நாலு நாள் காத்திருக்கறது சின்ன விஷயமில்ல. ரெண்டு, கேஸ் வேலைக்கு வேண்டிய சாமான் அவங்ககிட்ட இருக்கா. மூணு, காயில எப்படி கழுவுறாங்க. நாலு, வாரண்டி பாதிக்குமா. அஞ்சு, ஒரு விசிட்டுக்கு எவ்வளவுன்னு பாக்காம ரெண்டு வருஷத்துல மொத்தமா எவ்வளவு போகும்ங்கற கணக்கு. இதுல மூணாவதத்தான் யாரும் கேக்க மாட்டேங்குறாங்க, நம்ம ஊருக்கு அதுதான் ரொம்ப முக்கியம்.

கம்பெனி சர்வீஸ்

கம்பெனிலேர்ந்து வர்றவர்னா அந்தக் கம்பெனி நேரா சம்பளம் குடுக்கற ஆள்னு நினைச்சுடாதீங்க. பெரும்பாலும் நாகப்பட்டினம், திருவாரூர் மாதிரி ஊர்ல ஏஜென்சி எடுத்தவங்ககிட்ட வேலை பாக்கற பையன்தான் வருவாரு. திருத்துறைப்பூண்டிலேர்ந்து கிளம்பினாலே சுமார் 35 கிலோமீட்டர், அதனால வேதாரண்யம் பக்கம் நாலஞ்சு கம்ப்ளெய்ண்ட் சேந்த பிறகு ஒரே நாள்ல மொத்தமா முடிக்கப் பாப்பாங்க. ஜனவரில சீக்கிரம் வந்துடுவாங்க, சித்திரைல அதே வேலைக்கு ஒரு வாரம் ஆனாலும் ஆச்சரியப்படாதீங்க.

நல்ல பக்கம் என்னன்னா, வாரண்டி ஓடுற மெஷினுக்கு இவங்கள விட்டா வேற வழியே கிடையாது. பிசிபிங்கற எலக்ட்ரானிக் போர்டு, சென்சார், ஃபேன் மோட்டார்னு ஒரிஜினல் பார்ட் வரும், செஞ்ச வேலைக்கு ஜாப் ஷீட் கையில இருக்கும், அதே ரிப்பேர் திரும்ப வந்தா கேக்கலாம். இன்வெர்ட்டர் ஏசில எரர் கோடு காட்டுதுன்னா அந்த மாடல்ல அந்த கோடுக்கு என்ன அர்த்தம்னு சர்வீஸ் மேனுவல் இவங்ககிட்டதான் இருக்கும்.

மறைஞ்சிருக்கற செலவுக்கு வருவோம். கம்ப்ரசருக்கு 10 வருஷம் வாரண்டின்னு டப்பா மேல பெருசா போட்டிருப்பாங்க, ஆனா அது கம்ப்ரசர்ங்கற பொருளுக்கு மட்டும்தான்னு பல கார்டுல இருக்கும். கழட்டி மாட்டுற கூலி, புதுசா அடிக்கிற கேஸு, வண்டிச் செலவு எல்லாம் நம்ம தலைல விழும், அதுக்கு மேல 18 சதவீதம் ஜிஎஸ்டி. இன்னொண்ணு, கார்டுல பொடி எழுத்துல உப்புக்காத்து, ரசாயனப் புகை இதனால வர்ற துருவுக்கு வாரண்டி இல்லன்னு போட்டிருக்கான்னு வாங்குறதுக்கு முன்னாடியே படிங்க, ஏன்னா நம்ம ஊர்ல காயில் போறதே அதனாலதான். புது ஏசி எடுக்கறப்ப காயில் மேல பூச்சு இருக்கான்னு கேளுங்க, ப்ளூ ஃபின்னுன்னு சொல்வாங்க. அது துருவ நிறுத்தாது, ஆனா தள்ளிப் போடும்.

நம்பர் விஷயத்துலயும் கவனம். நெட்ல தேடினா மேல வர்ற கஸ்டமர் கேர் நம்பரெல்லாம் கம்பெனி நம்பர்னு நம்பிடாதீங்க, ஏமாத்துறவங்க நிறைய பேரு அங்கதான் உக்காந்திருக்காங்க. பில்லுலயோ மேனுவல்லயோ இருக்கற நம்பருக்கு மட்டும் போடுங்க. வேலை முடிச்சதும் உங்க போனுக்கு ஒரு கோடு வரும், சொல்லுங்க சார்னு கேப்பாங்க, கூலிங் வருதான்னு ஒரு பதினஞ்சு நிமிஷம் ஓடவிட்டுப் பாத்துட்டு அப்புறமா சொல்லுங்க. கோடு சொல்லிட்டா கம்ப்ளெய்ண்ட் முடிஞ்சதா கணக்கு, திரும்ப புதுசா போடணும்.

உள்ளூர் மெக்கானிக்

நம்ம ஊர் பசங்க மேல எனக்கு நிஜமாவே மரியாதை உண்டு. போன் போட்டா சாயங்காலம் வந்து நிப்பாங்க, ராத்திரி கரண்ட் வந்து வந்து போய் ட்ரிப் ஆனாலும் எடுத்துப் பேசுவாங்க. கஜா புயல் 2018 நவம்பர் 16 விடியக்காலைல நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவுல கரை ஏறுச்சு, எத்தனையோ கிராமத்துல கரண்ட் வரவே வாரக்கணக்காச்சு. அந்த மாதிரி நேரத்துல வெளியூர் ஆள எதிர்பாத்து உக்காந்திருக்க முடியாது. தண்ணி அடிச்சு கழுவுற வாட்டர் சர்வீஸுக்கு கம்பெனி வாங்குறதுல பாதிக்கும் முக்காலுக்கும் நடுவுல ஏதோ ஒரு தொகை வாங்குவாங்க, ரேட்டு ஆளுக்கு ஆள் மாறும்.

ஆனா எல்லா மெக்கானிக்கும் ஒண்ணு கிடையாது. யாரு நல்ல ஆளுன்னு கண்டுபிடிக்க கேஸ் வேலைதான் சரியான இடம்.

இப்ப வர்ற ஏசி பெரும்பாலும் ஆர் 32 கேஸ்ல ஓடுது. பழைய ஆர் 22 காலத்துல கத்துக்கிட்ட சில பேரு குழாய்ல இருக்கற காத்த வெளிய தள்ள கேஸையே கொஞ்சம் திறந்துவிட்டு மூடிடுவாங்க, காத்தையும் ஈரத்தையும் உறிஞ்சி எடுக்கற வேக்கம் பம்ப் போட மாட்டாங்க. இது புது மெஷினுக்கு ஆகாது. உள்ள இருக்கற எண்ணெய் ஈரத்த உறிஞ்சுற வகை, ஈரம் உள்ள தங்கிடுச்சுன்னா அது ஆசிடா மாறி கம்ப்ரசர் மோட்டார்ல சுத்தியிருக்கற கம்பிய (வைண்டிங்க) தின்னும். நம்ம ஊர்க் காத்துல ஈரத்துக்கு பஞ்சமே இல்ல. அதுவுமில்லாம ஆர் 32 லேசா தீப்பிடிக்கற கேஸு, உள்ள கேஸ் மிச்சம் இருக்கறப்பவே கேஸ் டார்ச் வச்சு குழாய ஒட்டவைக்கறது ஆபத்து.

அதனால வீட்டுக்கு வர்றதுக்கு முன்னாடியே போன்ல கேட்டுடுங்க, தம்பி வேக்கம் பம்ப் இருக்கா, கேஸ எடை போட்டு அடிப்பியா? அவுட்டோர் யூனிட் பக்கவாட்டுல ஒரு ஸ்டிக்கர் இருக்கும், அதுல கேஸ் பேரும் எத்தனை கிராம்னும் போட்டிருக்கும். சிலிண்டர தராசு மேல வச்சு அந்தக் கிராம் கணக்குல அடிக்கறவர் தெரிஞ்ச ஆளு. இவ்வளவு போதும்ணேன்னு கைய வச்சு பைப் குளிருதான்னு தொட்டுப் பாத்துட்டு மூடுறவர வேற வேலைக்கு கூப்பிடுங்க, கேஸுக்கு வேணாம்.

வருஷா வருஷம் கேஸ் டாப்-அப்னு சொல்லி காசு வாங்கறதும் நடக்குது. வண்டிக்கு பெட்ரோல் மாதிரி ஏசில கேஸ் தீந்துபோகாது, அது உள்ளயே சுத்திக்கிட்டு இருக்கறது. குறைஞ்சுதுன்னா எங்கயோ லீக்குன்னு அர்த்தம். நட்டு போட்ட இடத்துல சோப்பு நுரை வச்சுப் பாக்கணும், அங்க இல்லன்னா நைட்ரஜன் ஏத்தி காயில்ல தேடணும். லீக்க அடைக்காம கேஸ் அடிச்சா அந்தக் காசு ரெண்டு மூணு மாசத்துல காத்தோட போச்சு. ரெண்டு வருஷக் கணக்குல உள்ளூர் ஆளு கம்பெனிய விட விலை கூடிப்போறது இந்த ஒரு இடத்துலதான்.

கேஸ் இல்லன்னு சொல்றப்ப நிஜமா கேஸ்தானான்னும் பாருங்க. இன்வெர்ட்டர் இல்லாத பழைய மாடல்ல அவுட்டோர் ஃபேன் சுத்தும், கம்ப்ரசர் ஸ்டார்ட் ஆகாம உம்முனு முக்கிட்டு நின்னுடும், அப்படின்னா நிறைய தடவ கம்ப்ரசர ஸ்டார்ட் பண்ண வைக்கற கேபாசிட்டர்தான் போயிருக்கும், கேஸோட ஒப்பிட்டா அது ரொம்ப சின்ன செலவு. மீட்டர்ல வச்சு காட்டச் சொல்லுங்க, மேல எழுதியிருக்கற அளவுக்கும் மீட்டர் காட்டறதுக்கும் எவ்வளவு வித்தியாசம்னு நீங்களே பாத்துக்கலாம்.

இப்ப கழுவுற கதை. மெக்கானிக் வந்ததும் உங்க வீட்டு ஓஸ் பைப்ப கேப்பாரு, நீங்களும் மோட்டார் போட்டு குடுப்பீங்க. அந்த போர் தண்ணி நாக்குல வச்சா உப்பு கரிக்குது இல்லையா, அதையேதான் பிரஷர்ல காயில் மேல அடிக்கிறாங்க. உப்ப எடுக்க உப்புத் தண்ணி, காஞ்சதும் தகடுக்கு நடுவுல புதுசா உப்பு படிஞ்சு நிக்கும். கடைசி அலசலுக்காவது நல்ல தண்ணி வேணும், கொள்ளிடம் தண்ணியோ மழத் தண்ணியோ ரெண்டு குடம் எடுத்து வச்சிருந்து இதுல அலசுங்கன்னு சொல்லிடுங்க. கெமிக்கல் போட்டா பளபளன்னு ஆகும்ணேன்னு சொன்னா என்ன கெமிக்கல்னு கேளுங்க, ஆசிட் வகையா இருந்தா பூச்சையும் சேத்து அரிச்சிடும், வேணாம்னு சொல்லிடுங்க. கம்பெனி ஆள் வந்தாலும் இதே பேச்சுதான், அவங்களும் உங்க ஓஸ் பைப்பதான் கேப்பாங்க.

ஏஎம்சி

இதுல ரெண்டு வகை. ஒண்ணு வருஷத்துல இத்தனை தடவ கழுவி மட்டும் குடுப்போம், பார்ட் போனா தனிக் காசுங்கறது. இன்னொண்ணு பார்ட்டும் சேத்து, இது விலை கூட. கேக்க ரெண்டாவதுதான் நிம்மதியா தெரியும். ஆனா கையெழுத்து போடறதுக்கு முன்னாடி ஒப்பந்தத்துல என்னெல்லாம் சேராதுன்னு இருக்கற பகுதிய மட்டும் படிங்க. காயில், கேஸ், வெளிப்பக்க கேபினட் துரு இந்த மூணும் அதுல இருந்துச்சுன்னா நம்ம ஊர்ல போகப்போற சாமானெல்லாம் வெளிய போச்சு, மிச்சத்துக்குத்தான் நீங்க காசு கட்டுறீங்க. அப்படிப்பட்ட ஏஎம்சி நம்ம ஊருக்கு தண்டச் செலவுன்னு நேராவே சொல்றேன்.

கழுவுறதுக்கு மட்டும் போடற ஏஎம்சி ஓரளவு பரவாயில்ல, ஆனா தேதி நீங்க சொல்லணும். விட்டா அவங்களுக்கு வேலை இல்லாதப்ப ரெண்டு விசிட்ட அடுத்தடுத்து முடிச்சுடுவாங்க. வடகிழக்குப் பருவம் முடிஞ்சு தை மாசக் கடைசில ஒண்ணு, வைகாசில ஒண்ணு, மழை தொடங்கறதுக்கு முன்னாடி புரட்டாசில ஒண்ணு, இந்தக் கணக்குல எழுதி வாங்கிக்கங்க. அந்த தை மாசத்தது முக்கியம், ஐப்பசி கார்த்திகைல கடக் காத்து அடிச்சு சேந்த உப்போட பல வீட்ல ஏசிய மூணு மாசம் சும்மா நிறுத்தி வச்சிருப்பாங்க, சும்மா நிக்கறப்பவும் துரு வேலை பாத்துட்டுதான் இருக்கு.

கடையே குடுக்கற ஏஎம்சின்னா கடை எத்தனை வருஷமா இருக்கு, சர்வீஸ் பையன் அவங்க ஆளா, இல்ல அதே உள்ளூர் மெக்கானிக்கத்தான் அனுப்புறாங்களான்னு கேளுங்க. அதே ஆள்னா நேரா அவர்கிட்டயே பேசிக்கலாமே.

நாலு அஞ்சு ஏசி இருக்கற இடத்துக்கு, லாட்ஜு, கிளினிக்கு, கல்யாண மண்டபம் இதுக்கெல்லாம் ஏஎம்சி நல்லாவே ஒத்து வரும். ஒரு விசிட்டுல எல்லாம் முடியும், பேரம் பேச இடம் இருக்கும், யாருக்கு எப்ப போன் போடறதுன்னு தலைவலி இல்ல.

நாமளே பாத்துக்கறது

இதையும் ஒரு வழியா சேத்துக்கணும், ஏன்னா எந்த ஆள வச்சாலும் நடுவுல இருக்கற நாளுக்கு நீங்கதான். வாரண்டி ஓடறப்ப வெளி ஆள் ஸ்பேனர் வைக்கக்கூடாது, ஆனா அவுட்டோர் மேல நல்ல தண்ணி ஊத்தறதுக்கு யாரும் வேணாம். பிரேக்கர இறக்கிடுங்க, ரிமோட்ல ஆஃப் பண்ணா மட்டும் பத்தாது. கொஞ்ச நேரம் விட்டு பூவாளிலயோ மக்குலயோ காயில் பக்கமா மேலருந்து கீழ மெதுவா ஊத்துங்க, வயர் போற மூடி பக்கம் வேணாம். காஞ்சப்புறம் பிரேக்கர் போடுங்க. கோடைல மாசம் ஒரு தடவ இத செஞ்சா போதும். மொட்டை மாடிலயோ தரையிலயோ கை எட்டற இடத்துல இருந்தா மட்டும் பண்ணுங்க, ரெண்டாவது மாடிச் சுவத்துல தொங்குற யூனிட்டுக்கு ஏணி போட்டு ஏறாதீங்க, உசுரு முக்கியம்.

ஃபில்டர் பதினஞ்சு நாளைக்கு ஒருக்க கழுவறது, ட்ரெயின் பைப் அடச்சிருக்கான்னு பாக்கறது இதெல்லாம் எல்லாருக்கும் தெரிஞ்சதுதான். அவுட்டோர் உள்ள பல்லி போய் பிசிபில விழுந்து ஷார்ட் ஆகறது நம்ம பக்கம் சகஜம், வயர் போற ஓட்டைய அடச்சு வைங்க, ஆனா காத்து போற வழிய அடச்சுடாதீங்க.

| | கம்பெனி | உள்ளூர் மெக்கானிக் | ஏஎம்சி |
|---|---|---|---|
| வர்ற நேரம் | கோடைல லேட்டாகும் | அன்னிக்கோ மறுநாளோ | தேதி எழுதி வாங்கினா சரியா வரும் |
| கேஸ் வேலை | முறையா இருக்கும், விலை கூட | ஆளப் பொறுத்தது, பம்ப் தராசு கேக்கணும் | பெரும்பாலும் தனிக் காசு |
| வாரண்டி | பத்திரம் | ஓடறப்ப கை வைக்க விடாதீங்க | கம்பெனி ஏஎம்சின்னா பிரச்சனை இல்ல |
| எதிர்பாக்காத செலவு | விசிட் சார்ஜ், கூலி, ஜிஎஸ்டி | லீக் அடைக்காத டாப்-அப் | காயில், துரு சேராது |
| யாருக்கு | புது மெஷின் | வாரண்டி முடிஞ்ச மெஷின் | நாலு அஞ்சு ஏசி இருக்கற இடம் |

வென்னீர் ஹீட்டருக்கு யாரு

நம்ம ஊர்ல வீட்ட சூடாக்கற வேலை இல்ல, மார்கழி தைல குளிக்க வென்னீர், அவ்வளவுதான். ஆனா ஹீட்டர் இங்க சீக்கிரம் போறதுக்கும் காரணம் அதே போர் தண்ணிதான். தண்ணிய சூடாக்கற கம்பி, அதான் எலிமென்ட், அது மேல உப்பு தடிச்சுப் படிஞ்சு, சூடு தண்ணிக்குப் போகாம எலிமென்ட் தானே காஞ்சு வெடிக்கும். டேங்க் உள்ள ஆனோடு ராடுன்னு ஒரு மெக்னீசியக் கம்பி இருக்கு, டேங்குக்கு பதிலா அது அரிச்சுப் போகத்தான் வச்சிருக்கு, அது தீந்தா அடுத்து டேங்குதான். உப்புத் தண்ணி ஊத்தற வீட்ல வருஷத்துக்கு ஒரு தடவ கழட்டிப் பாக்கணும்.

இந்த வேலைக்கு உள்ளூர் எலக்ட்ரீஷியனே தாராளமா போதும், கேஸ் இல்ல, கம்ப்ரசர் இல்ல. டேங்க் வாரண்டி ஓடுதுன்னா மட்டும் கம்பெனி. ஒரே ஒரு விஷயத்துல விட்டுக்குடுக்காதீங்க, சேஃப்டி வால்வுல தண்ணி சொட்டுதுன்னு அத அடச்சு விடறேன்னு யாராவது சொன்னா ஒத்துக்கவே கூடாது, பிரஷர் வெளிய போகத்தான் அது இருக்கு, அடச்சா டேங்க் வெடிக்கலாம். எர்த்து சரியா இருக்கா, கரண்ட் கசிஞ்சா தானே ட்ரிப் ஆகற ஆர்சிசிபி போட்டிருக்கான்னும் அப்பவே பாக்கச் சொல்லுங்க, எலிமென்ட் விரிசல் விட்டா கரண்ட் தண்ணில இறங்கும். வீட்ல சின்னப் பசங்க குளிக்கற இடம்.

யாருக்கு எது

புதுசா வாங்கி முதல் வருஷம்னா கம்பெனி, நடுவுல நல்ல தண்ணி நீங்களே ஊத்திக்கங்க. ஒரு வருஷ வாரண்டி முடிஞ்சு கம்ப்ரசருக்கும் பிசிபிக்கும் மட்டும் ஓடுதுன்னா பிசிபி, கேஸ், கம்ப்ரசர் சம்பந்தப்பட்டது எல்லாம் கம்பெனி, கழுவறதுக்கு மட்டும் உள்ளூர் ஆள். வெளி ஆள் மெஷின திறந்தா வாரண்டி இல்லன்னு கார்டுல இருந்தா அதுக்கும் கம்பெனியேதான்.

அஞ்சு வருஷம் தாண்டிடுச்சு, பிசிபி வாரண்டியும் முடிஞ்சிடுச்சுன்னா வேக்கம் பம்ப் வச்சிருக்கற உள்ளூர் ஆள ஒருத்தரப் பிடிச்சு அவரையே தொடர்ந்து கூப்பிடுங்க. வருஷத்துக்கு ஒருத்தர மாத்தாதீங்க, எந்த நட்ட எப்ப இறுக்கினோம், எங்க ஒட்டவச்சோம்னு அவருக்குத் தெரிஞ்சிருக்கும். பேரம் பேசி நூறு ரூபா குறைக்கறத விட, ரெண்டு குடம் நல்ல தண்ணி எடுத்து வச்சு பொறுமையா கழுவச் சொல்றதுல லாபம் ஜாஸ்தி. கரண்ட் பில்லுல ரெண்டு மாசத்துக்கு 500 யூனிட் தாண்டினா கீழ இருக்கற யூனிட்டுக்கே ரேட்டு மாறுது, அழுக்கு காயிலோட ஓடற ஏசி அந்தக் கோட்ட ஈஸியா தாண்ட வச்சிடும்.

காயில் பூத்து உதிர ஆரம்பிச்சு லீக்கும் காயில்லயேன்னா, எந்த ஆளக் கூப்பிடறதுங்கற கேள்வியே வேணாம். புது காயில், கேஸு, கூலி மூணுக்கும் விலை கேட்டு எழுதி வாங்குங்க, அது புது ஏசி விலைல பாதிய நெருங்கினா மாத்திடுங்க. 2025 செப்டம்பர் 22லேர்ந்து ஏசிக்கு ஜிஎஸ்டி 28லேர்ந்து 18 சதவீதமா குறைஞ்சிருக்கு, அதையும் கணக்குல சேத்துக்கங்க. புதுச மாட்டறப்ப அவுட்டோர கடலப் பாத்த சுவத்துல வைக்க விடாதீங்க, வீட்டுக்குப் பின்பக்கம் காத்து நேரா அடிக்காத இடமாப் பாத்து, கை எட்டற உயரத்துல, புயலுக்கு அசையாம போல்ட் போட்டு ஸ்டாண்ட் அடிக்கச் சொல்லுங்க. அந்த இடத்துக்கு நல்ல தண்ணி குழாய் ஒண்ணு இழுக்க முடியுமான்னு பிளம்பர்கிட்ட அன்னிக்கே கேட்டுடுங்க.